தாய்மாமன் பங்கு

வாசலில் கோடரி எலும்பில் விழும்போதெல்லாம் இனொங்கேயின் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள். அடுத்த வெட்டு விழாது என்று தெரிந்ததும் யாராவது ஒருத்தி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வாள்.

அவள் புருஷன் சிட்வாலாவைக் கொன்ற நீர்யானையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் இனொங்கேயின் அண்ணன் முயுந்தாவும் வேட்டைக் கம்பெனி முதலாளி கோபஸும், ஆளைக் கொன்ற மிருகம் என்று வனத்துறையில் அனுமதி வாங்கிப் போய் அதைச் சுட்டுவிட்டு வந்திருந்தார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குப் போட அந்தக் கறியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு கோபஸ் முகாமுக்குப் போய்விட்டார். சிட்வாலா டவுன் ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தான். நாளைக்குத்தான் வருவான்.

"நான் தொட மாட்டேன்" என்றாள் சிட்வாலாவின் அக்கா மொண்டே. "என் தம்பியக் கடிச்ச வாயி. அதைத் தின்னா அவனைத் தின்ன மாதிரி."

"நீர்யானை புல்லுதானேக்கா திங்கும்" என்றாள் பக்கத்து வீட்டு நசிலேலே. "மனுசனைக் கடிக்கும். முழுங்காது."

"அப்ப நீ தின்னு."

"நான் எங்க தின்றேன்னு சொன்னேன்? புல்லுதான் திங்கும்னு சொன்னேன்."

"சொல்லிட்டே ரெண்டு தடவ வாசப்பக்கம் எட்டிப் பாத்துட்டு வந்துட்ட."

"வெளிய ஊரே உக்காந்திருக்கு. சோளம் காஞ்சு கெடக்கு. வந்தவங்களுக்கு எதைக் கொதிக்க வைக்கறது, என் தலைத்துணியவா?"

யாரோ சிரித்துவிட்டு உடனே அழுதார்கள்.

புருஷன் மண்ணுக்குள் போகும்வரை இனொங்கேயின் தலையில் வெயில் படக் கூடாது. கறுப்புத் துணியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார வைத்திருந்தார்கள். துணிக்குள் அவளுக்குச் சிட்வாலாவின் முகம் வரவே மறுத்தது. லாட்ஜில் கொடுத்த காக்கிச் சட்டைதான் வந்தது. பையின்மேல் அவன் பெயரைத் தைத்திருப்பார்கள். முந்தின நாள் அவள்தான் துவைத்து, காலரில் கறை போகவில்லை என்று இன்னொரு தடவை தேய்த்தாள். ஆற்றிலிருந்து அதை இரண்டு துண்டாகக் கொண்டுவந்து தந்தார்கள். காலர் சுத்தமாக இருந்தது.

கொழுப்பு உருகும் வாசனை வந்தது. இரண்டு நாளாக ஒன்றும் இறங்காத வாயில் எச்சில் ஊறியது. அதை விழுங்கினாள். பெண்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவினார்கள். அவளுக்குத் தன் வாயின்மேல் வெறுப்பாக இருந்தது.

"மண்வெட்டி எடுத்து வச்சாச்சா?" என்று மொண்டே கேட்டாள். "பொண்டாட்டியோட அண்ணன்தான் குழிக்கு முதல் வெட்டு வெட்டணும். முயுந்தாகிட்ட சொல்லிடுங்க. வேட்டை வேட்டைன்னு மறந்துடப் போறான்."

"அவன் எப்படி மறப்பான்? மச்சானைக் கொன்னதைக் கொன்னுட்டுல்ல வந்திருக்கான்" என்றாள் நசிலேலே.

"ஆம்பள" என்றாள் மொண்டே. "அண்ணன்னா அப்படி இருக்கணும்."

லின்யாந்தி ஆறு இனொங்கேயின் ஊரான நமுக்கோவுக்கு வந்ததும் ஆறாக இருப்பதை விட்டுவிடும். கோரைக்குள் நுழைந்து, நூறு வாய்க்காலாகப் பிரிந்து, சில வருஷம் ஏரியாகவும் சில வருஷம் சேறாகவும் கிடக்கும். அங்கே வெள்ளை அடித்த ஒரு கம்பம் நட்டிருக்கிறது. கம்பத்துக்குக் கிழக்கே லாட்ஜில் தங்கிப் படம் எடுக்க வரும் கேமராக்காரர்கள், மேற்கே வேட்டைக்கு வரும் துப்பாக்கிக்காரர்கள். இரண்டிலிருந்தும் ஊர்ச் சங்கத்துக்குப் பங்கு வரும். கிழக்கே சிட்வாலா கம்பூன்றி ஓடம் தள்ளினான். மேற்கே முயுந்தா தடம் பார்த்தான். இரண்டு பேரும் சாப்பிட்டது இனொங்கேயின் அடுப்பில். முயுந்தாவின் பெண்சாதி விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது.

"மாப்ளே, நீ அதுங்களுக்குப் பேரெல்லாம் வச்சுப் பழக்கி விடற" என்பான் முயுந்தா, களியை உருட்டிக்கொண்டே. "பழகுன மிருகம் ஓடாம நிக்குது. எனக்கு வேலை சுலபம்."

"நான் படம் எடுக்கக் காட்டுனது அடுத்த வாரம் உன் தட்டுல கெடக்கு மச்சான். போன வருசம் வந்த அம்மா திரும்ப வந்து கேக்கறாங்க, அந்த ஒத்தைக் காது எருமை எங்கன்னு. நான் என்ன சொல்ல?"

"ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லு."

"கம்பம் தாண்டி வராதேன்னு எருமைகிட்ட நான் சொல்லிப் பாத்தேன். அதுக்குப் படிக்கத் தெரியல."

"உனக்கு மட்டும் தெரியுமாக்கும்."

லிம்போவுக்கு எட்டு வயது. மாமனும் அப்பனும் பேசுவதைக் கேட்டு அவள் சிரிக்கும்போது வாயிலிருந்து களி தெறிக்கும். இனொங்கே அதட்டுவாள். அந்த அதட்டலில் கோபம் இருந்ததில்லை. ஒரே அடுப்பின் முன்னால் கொல்கிறவனும் காட்டுகிறவனும் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒருநாளும் விசித்திரமாகப் பட்டதில்லை. இரண்டு கைகள் என்று நினைத்திருந்தாள். வீட்டைத் தூக்கிப் பிடிக்கிற இரண்டு கைகள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. நீர்யானை சுட வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்திருக்கிறார் என்றதும் ஊரே அண்டாவும் குண்டானும் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனது. தலையும் பல்லும் அவருக்கு, கறி ஊருக்கு. வருஷத்துக்கு ஒரு நீர்யானைதான் அனுமதி. காயப்பட்டு ஓடினாலும் அதுதான் அந்த ஒன்று, கணக்கு முடிந்தது. இது கரையில் நின்ற குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

வெளிநாட்டுக்காரர் வயதானவர். துப்பாக்கியைக் கவைக்கம்பின்மேல் முட்டுக்கொடுத்து வைத்தும் கை நடுங்கியது. வெடித்தது. அத்திமரக் கால்வாயின் வாயில் தண்ணீர் ஒருமுறை எழும்பி அடங்கியது. செத்த நீர்யானை முதலில் மூழ்கும். வயிறு உப்பியதும் மிதக்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்தது. பெண்கள் அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்கள். ஒன்றும் மிதக்கவில்லை.

முயுந்தா தனியாக ஓடத்தை எடுத்துக்கொண்டு கோரைக்குள் போனான். வெகுநேரம் கழித்து வந்தான்.

"படல" என்றான். "குண்டு தண்ணியிலதான் போயிருக்கு."

"நிச்சயமா?" என்று கோபஸ் கேட்டார். ஒரே தடவைதான் கேட்டார். ஓடத்தில் ஏறிப் போய்ப் பார்க்கவில்லை.

"படல முதலாளி."

அன்று மாலைக்குள் இன்னொரு நீர்யானையைச் சுட்டார்கள். அது சுட்ட இடத்திலேயே விழுந்தது. இனொங்கேயின் அண்டா நிறைந்தது. வீட்டுக்கு வந்து அல்லிக் கிழங்கு போட்டுக் கொதிக்க வைத்தாள். பல மாதங்களுக்குப் பிறகு குழம்பின்மேல் எண்ணெய் மிதந்தது. நான்கு பேரும் வயிறு நிறையத் தின்றார்கள். பிறகு சிட்வாலா விரலை நக்கிக்கொண்டே கேட்டான்.

"மச்சான், காலையில சுட்டது அத்திமரக் கால்வாய் வாயிலதானே? வர்ற வெள்ளிக்கிழமை லாட்ஜ் ஆளுங்களை அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகணும். மத்த கால்வாய்ல தண்ணியே இல்ல. ஏதாவது இருந்தா சொல்லிடு."

முயுந்தா எலும்புக்குள்ளிருந்த மஜ்ஜையை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுமில்ல. போ மாப்ளே."

இனொங்கே அவன் தட்டில் இன்னொரு எலும்பை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை, பின்னால் வந்த ஓடத்திலிருந்து கம்வி பார்த்தான். சிட்வாலாவோடு பத்து வருஷம் கம்பு பிடித்தவன். பாய் முன்னால் மண்டியிட்டு அவன் அதைச் சொன்னான்.

"முன்னாடி ஒரு சத்தம் வரும் அண்ணி. மூச்சு விடும், கனைக்கும், வாயத் தொறந்து காட்டும். 'வராதே'ன்னு சொல்லும். நாங்க கம்பை ஓடத்துல தட்டி வழி கேப்போம், அது நகந்துக்கும். இது ஒண்ணும் சொல்லல. கோரை அப்படியே ஓடத்து மேல சாஞ்ச மாதிரி வந்துச்சு. முன்னாடி உக்காந்திருந்த ரெண்டு பேரையும் சிட்வாலா கம்பாலயே தள்ளிவிட்டான், கோரைப் பக்கமா. தள்ளிட்டு அவன் நின்ன எடத்துலயே நின்னான். வேற எங்க நிப்பான்? ஓடத்தைக் கடிச்சுது, ரெண்டாச்சு. அப்புறம் அவன் இடுப்பு. ஒரு தடவ உதறுச்சு அண்ணி. எங்கம்மா ஈரத் துணிய உதறுவாளே, அந்த மாதிரி. விட்டுட்டு உள்ள போயி மறுபடி வந்துச்சு. செத்தவனைத் தேடி மறுபடி வந்த நீர்யானைய நான் பாத்ததே இல்ல. அவன் காலைப் புடிச்சு... நான் கம்பால அது மூக்குல குத்தினேன். சத்தியமா குத்தினேன். அது என்னைப் பாக்கவே இல்ல."

"பேசினாரா?" என்று இனொங்கே கேட்டாள்.

கம்வி தரையைப் பார்த்தான். "கரைக்குக் கொண்டு வந்தப்புறம், 'மச்சானைக் கூப்பிடு'ன்னான்."

அதைக் கேட்டு அப்போது எல்லாருக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. மச்சான்மேல் எவ்வளவு பிரியம் பார் என்றார்கள்.

லாட்ஜ் மேலாளர் மறுநாளே வந்து வருத்தம் தெரிவித்துவிட்டு, ஊர்த் தலைவர் மதெங்குவிடம் மெதுவாகச் சொன்னார். படத்துக்காக ரொம்பக் கிட்டே போய்விட்டான், பழைய ஆள், இப்படிச் செய்திருக்கக் கூடாது, இனி ஓடம் ஓட்டுவதையே நிறுத்த வேண்டியிருக்கும். மெதுவாகச் சொன்னது சாயங்காலத்துக்குள் கிணற்றடிக்கு வந்துவிட்டது. மற்ற ஓடக்காரர்களின் மனைவிகள் பாயருகே வந்து அழுதார்கள். அழுதுவிட்டு எழுந்து போகும்போது, தங்கள் வீட்டு அடுப்பையும் அணைத்துவிட்டுப் போன ஒருவனின் மனைவியை எப்படிப் பார்ப்பார்களோ அப்படி அவளைப் பார்த்தார்கள். இனொங்கே அந்தப் பார்வையைத் துணிக்குள்ளிருந்தே அறிந்தாள். கிட்டே போகிற ஆளா அவர்? நீர்யானைக்கு முதுகு காட்டிச் சோறுகூடத் தின்னாதவர் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. விதவையின் கத்தலை யார் பொருட்படுத்துவார்கள்? அழுகையோடு அழுகையாகப் போய்விடும்.

வாசலில் கோடரிச் சத்தம் நின்றது. அண்டாவில் கறியைப் போட்டுவிட்டு நசிலேலே உள்ளே வந்தாள். கையெல்லாம் கொழுப்பு.

"உன் அண்ணனுக்கு ரொம்ப மனசு ஒடஞ்சு போச்சு லிம்போம்மா" என்றாள். "தலை தாய்மாமன் பங்குதானே. எப்பவும் எப்படிக் கும்மாளமா வெட்டுவான்! நாக்கு கெழவனுங்களுக்கு, கன்னக்கறி பொம்பளைங்களுக்குன்னு பாட்டு வேற பாடுவான். இன்னைக்குத் தலைய யாரையும் தொட விடல. மாட்டைப் பூட்டி, சறுக்குவண்டியில தானே புரட்டி ஏத்திட்டு ஆத்துப் பக்கம் போயிட்டான்."

"எதுக்கு?"

"பல்லைப் புடுங்கி வனத்துறை ஆபீசுல குடுக்கணுமாம். மிச்சத்தை முதலைக்குப் போடறானாம். பாவம், அந்த மூஞ்சியப் பாக்க முடியல போல."

"பாசம்" என்றாள் மொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இனொங்கே கறுப்புத் துணியை நெற்றிக்கு மேலே தள்ளினாள்.

அவளுக்கு அண்ணனைத் தெரியும். அப்பா செத்த அன்று வெட்டிய மாட்டின் தலையைக்கூட அழுதுகொண்டே பங்கு போட்டவன் அவன். சிறுவயதில் ஒரு கன்றுக்குட்டித் தலைக்காக மாமன் மகனின் பல்லை உடைத்திருக்கிறான். பசியில் வளர்ந்தவர்கள் தலையை ஆற்றில் போட மாட்டார்கள். அவளுக்குள் எதுவோ மெதுவாக, சேற்றுக்கடியில் கிடந்தது வயிறு உப்பி எழுவதுபோல் எழுந்தது. ஒண்ணுமில்ல, போ மாப்ளே. அப்போது அவன் சிட்வாலாவைப் பார்க்கவில்லை. எலும்பைப் பார்த்தான்.

அவள் எழுந்தாள்.

"எங்கடி எந்திரிக்கற? ஒக்காரு!" மொண்டே அவள் கையைப் பிடித்தாள். "வெயில் படக் கூடாது! புருசன் இன்னும் மண்ணுக்குப் போகல!"

"விடு அண்ணி."

"பைத்தியம் புடிச்சிருக்கு, புடிங்கடி!"

இனொங்கே பிடித்த கையை உதறினாள். ஒருத்தி சுவரில் போய் மோதினாள். விறகுக் குவியலில் கோடரி கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஆண்கள் வாயைப் பிளந்து பார்க்க, வெயிலில் ஆற்றை நோக்கி நடந்தாள். ஒரு பெண்ணும் பின்னால் வரத் துணியவில்லை.

முயுந்தா தலையைக் கரையில் புரட்டிப் போட்டிருந்தான். கழுத்து வெட்டுவாயில் கயிற்றைக் கோத்து, மறுமுனையில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கயிறு கையிலிருந்து நழுவியது.

"புத்தி கெட்டவளே, பாயை விட்டு ஏன் வந்த? போ."

"தலைய ஏண்ணே ஆத்துல போடற?"

"பல்லு புடுங்கணும்."

"பல்லு புடுங்கக் கல்லு எதுக்கு?"

அவன் நழுவிய கயிற்றை மறுபடி எடுத்தான்.

"அவனைக் கொன்ன தலை இனொங்கே. ஊர் திங்கக் கூடாது."

"உடம்பைத் திங்கலாமா?"

அவள் தலையைச் சுற்றி வந்தாள். வலது காதுக்குப் பின்னால் காலையில் சுட்ட ஓட்டை, சின்னதாக, சுத்தமாக இருந்தது. இடது கன்னம் பானை மாதிரி வீங்கியிருந்தது. அந்தப் பக்கம் ஈக்கள் கறுப்பாக அப்பியிருந்தன. அவள் நிழல் விழுந்தும் எழவில்லை.

கோடரியை ஓங்கினாள். முயுந்தா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தான். இருவரும் தலையின்மேலேயே விழுந்தார்கள். அவன் அவள் முகத்தைச் சேற்றில் அழுத்தினான். வலிக்க அழுத்தினான். சிறுவயதிலும் இப்படித்தான் அழுத்துவான் என்பது ஞாபகம் வந்தது. அவள் அவனுடைய பெருவிரலின் அடிச்சதையைக் கடித்தாள். பல் சந்திக்கும்வரை கடித்தாள். அவன் அலறிக்கொண்டு விட்டான். அவள் எழுந்து, மூச்சு வாங்காமல், வீங்கிய கன்னத்தில் கோடரியை இறக்கினாள்.

சீழ் அவள் மார்பிலும் வாயிலும் தெறித்தது. பச்சையாக, வெந்நீர்போல் சூடாக இருந்தது. மறுபடி வெட்டினாள். அந்தப் பக்கத்துத் தாடை எலும்பு முன்பே நொறுங்கிப்போய்த் துண்டு துண்டாகக் கறுத்துக் கிடந்தது. நாக்கின் பாதி அழுகியிருந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். விரலில் தட்டுப்பட்டதை எடுத்தாள். கல்லால் நசுக்கிய பாட்டில் மூடி மாதிரி விரிந்த ஈயம்.

"இது எப்ப பட்டுது?"

முயுந்தா சேற்றில் உட்கார்ந்திருந்தான். கையிலிருந்து ரத்தம் ஒழுகியது.

"அன்னைக்குக் கோரைக்குள்ள போனியே, ரத்தம் பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு?"

"கோரை பூரா. தாடை எலும்பு ஒரு துண்டு கெடந்துச்சு."

"அதை என்ன பண்ண?"

"தண்ணியில போட்டேன்."

இந்தத் தாடையோடு அது ஒரு வாய் புல் மேய்ந்திருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். எச்சில் விழுங்கியிருக்க முடியாது. கோரைக்குள் நின்று, தன்னை இப்படிச் செய்ததன் வாசனைக்காகக் காத்திருந்திருக்கிறது. ஓடமும் மனுஷ வாசனையும் வந்தன. ஒரு கணம் அவளுக்கு அந்தத் தலையின்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கம் வந்ததற்காகச் சிட்வாலாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது.

"கரையில நீங்க எல்லாரும் அண்டாவோட நின்னீங்க" என்றான் முயுந்தா. "பட்டுச்சுன்னு சொன்னா அதோட போச்சு. அது கோரைக்குள்ள கெடந்து அழுகும், நீ வெறும் அண்டாவைத் தலையில வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவ. ஓடத்துலேர்ந்து நான் உன்னைத்தான் பாத்தேன். மஞ்சத்துணி கட்டிக்கிட்டு நின்ன."

"என்மேல போடாத."

"போடல. சொல்றேன்."

"அவர் உன்னைக் கேட்டாரு. என் அடுப்பு முன்னாடி கேட்டாரு."

"செத்துடும்னு நெனச்சேன்டி! அந்தக் காயத்தோட ரெண்டு நாள் தாங்காது. எத்தனை பாத்திருக்கேன் நான்! வெள்ளிக்கிழமைக்குள்ள மெதந்துடும், ராவோட ராவா முதலைக்கு இழுத்து விட்டுடலாம்னு இருந்தேன். தெனம் போயிப் பாத்தேன். மெதக்கல. ஆழத்துல கோரை வேர்ல சிக்கிக் கெடக்குன்னு நெனச்சேன்."

"அவர்கிட்ட மட்டுமாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அவன் லாட்ஜ்ல சொல்லுவான். அவனுக்குப் பொய் சொல்ல வருமா? உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அவளை அடித்தது. உப்பு வாங்கி வரச் சொன்னதை மறந்துவிட்டுக் கடையில் உப்பு இல்லை என்று சொல்லக்கூடத் தெரியாமல், வாசலிலேயே நின்று விழிக்கிற மனுஷன். பொய் சொல்லத் தெரியாததனால் அவனிடம் உண்மையைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

"வெளிய சொன்னா வேட்டை போச்சு" என்றான் முயுந்தா. குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கோபஸ் போயிடுவாரு. அடுத்த வருசமும் மழை இல்லன்னா இந்த ஊர் எதைத் திங்கும்? லிம்போ எதைத் திங்கும்? அவன் திரும்பி வரப்போறதில்ல இனொங்கே. நான் இருக்கேன். உன்னையும் அவளையும் சாகற வரைக்கும் நான் பாத்துக்கறேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. பார்த்துக்கொள்வான். நாளைக்கு மறுநாள் அதே அடுப்பின் முன்னால் உட்காருவான். அவள் களி வைப்பாள். லிம்போ மாமனைப் பார்த்துச் சிரிப்பாள். சிட்வாலா படத்துக்காகச் செத்தவனாக இருப்பான். அந்தக் காட்சி முழுவதும் ஒரே கணத்தில் அவளுக்குத் தெரிந்தது. நடக்கக்கூடியதாகவும் இருந்தது. அது நடக்கக்கூடியது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"தலைய வண்டியில ஏத்து" என்றாள்.

"மாட்டேன்."

கோடரியை அவன் தலைக்கு மேலே ஓங்கினாள். அவன் அதைப் பார்த்தான். எழுந்து, ரத்தக் கையோடு தலையைப் புரட்டி ஏற்றினான்.

வாசலில் ஆண்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். களியும் கறியும். லாட்ஜ் மேலாளரை நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சக்கரமில்லாத சறுக்குவண்டி மண்ணைக் கீறிக்கொண்டு உள்ளே வந்தபோது பாதி வாய்கள் அசைவதை நிறுத்தின. சீழும் சேறுமாக, தலைத்துணி இல்லாமல், விதவை மாட்டுக்கு முன்னால் நடந்து வந்தாள். நாயொன்று தலையை மோப்பம் பிடித்துவிட்டு விலகியது.

"தலைவரே" என்றாள் இனொங்கே. "ஒரு கேள்வி."

"உள்ள போம்மா" என்றார் மதெங்கு. "இது முறையில்ல."

"ஒருத்தன் ஒரு மிருகத்தை ஈட்டியால குத்தறான். அது ஓடிடுது. மறுநாள் இன்னொருத்தன் கொல்றான். மிருகம் யாருது?"

மதெங்கு பதில் சொல்லத் தயங்கவில்லை. ஈட்டியும் கயிறுமாக நீர்யானை பிடித்த காலத்திலிருந்து அந்த ஆற்றில் குழந்தைகள் விளையாட்டில்கூட அதுதான் சட்டம். "முதல்ல ரத்தம் எடுத்தவனுது."

"காயத்தோட ஓடின மிருகம் ஒருத்தன் வயல மிதிச்சா?"

"முதல் ரத்தக்காரன்தான் பதில் சொல்லணும்."

"மனுசனை மிதிச்சா?"

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

அவள் ஈயத்தை அவர் தட்டில் போட்டாள். களியில் பாதி புதைந்து நின்றது. பிறகு சறுக்கின் மேலிருந்த கன்னத்தைக் கோடரி முனையால் விலக்கிக் காட்டினாள். வேட்டை தெரிந்தவர்கள் அவர்கள். அந்தச் சீழ் காலையில் வந்தது இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கம்வி எழுந்து வந்து குனிந்து பார்த்தான். ஓரமாகப் போய்த் தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தான்.

"என் புருசன் கிட்டப் போகல" என்றாள் இனொங்கே, மேலாளரைப் பார்த்து. "கேட்டுட்டுத்தான் போனாரு. என் அண்ணன்கிட்ட கேட்டாரு. 'ஒண்ணுமில்ல, போ'ன்னான்."

"படலன்னு சொன்னியேடா!" என்று சிட்வாலாவின் தம்பி முயுந்தாவைப் பார்த்துக் கத்தினான்.

"அண்டாவோட நின்னது யாருடா?" என்று முயுந்தாவும் கத்தினான். "ரெண்டாவதைச் சுட்டப்ப ஆடினது யாரு? உன் பொண்டாட்டி ரெண்டு தடவ வந்து கறி வாங்கினாளே! நான் ஒருத்தனா தின்னேன்?"

அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம். உண்மை என்பதால்தான் எல்லாரும் ஒரேயடியாக எழுந்தார்கள். முதல் அடி ஓடக் கம்பால் விழுந்தது. அவன் முழங்காலில் விழுந்ததும் கால்கள் சேர்ந்துகொண்டன. மதெங்கு ஏதோ கத்தினார். அது யார் காதிலும் விழவில்லை. கொதிக்கும் அண்டா ஒன்று கவிழ்ந்து கறி மண்ணில் ஓடியது.

மொண்டே இனொங்கேயை உள்ளே இழுத்துப் போய்ப் பாயில் உட்கார வைத்துத் துணியைப் போர்த்தினாள். பெண்கள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். மரம் சதையில் விழும் சத்தம் கோடரிச் சத்தத்தைவிட மந்தமாக இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவளுக்குள் ஒரு குரல், இன்னும், இன்னும் என்றது. அது தன் குரல்தான் என்று தெரிந்தபோது அவளுக்கு அதிர்ச்சியாக இல்லை. லிம்போ மூலையில் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி!" என்று வெளியே முயுந்தா கூப்பிட்டான். பிறகு அவளுடைய பிள்ளைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். அம்மா செத்தபிறகு அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

இனொங்கே எழுந்து வாசலில் போய் நின்றாள்.

"கையை மட்டும் விட்டுடுங்க" என்றாள். பெரிதாகக் கத்தவில்லை. ஆனாலும் கம்பு ஓங்கியிருந்தவன் திரும்பினான். "ரெண்டு கையும் வேணும். நாளைக்கு அவன்தான் குழி வெட்டணும்."

மறுநாள் காலை முயுந்தா வெட்டினான். ஒரு கண் மூடிப்போயிருந்தது. பெருவிரலில் அவள் கடித்த இடத்தில் துணி சுற்றியிருந்தான். முதல் வெட்டு மைத்துனன் போட்டதும் மண்வெட்டியை அடுத்தவன் வாங்க வேண்டும். பிறகு அடுத்தவன், இப்படியே முறை வைத்து வெட்டுவதுதான் வழக்கம். ஆண்கள் வட்டமாக நின்றார்கள். யாரும் கையை நீட்டவில்லை. அவன் ஒருமுறை மண்வெட்டியை நீட்டிப் பார்த்தான். பிறகு குனிந்துகொண்டான்.

கோபஸின் முகாமில் விடியும் முன்பே கூடாரங்களைச் சுருட்டிவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். லாட்ஜ் மேலாளர் மதெங்குவிடம் வந்து, சிட்வாலாவின் மேல் தவறில்லை என்று எழுதி அனுப்பிவிட்டதாகவும் ஓடங்கள் ஓடும் என்றும் சொன்னார். இதையும் மெதுவாகத்தான் சொன்னார். ஓடக்காரர்களின் மனைவிகள் இனொங்கேயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வேட்டை முகாமில் வேலை பார்த்தவர்களின் மனைவிகள் வரவில்லை. நசிலேலே வந்தாள். வெறும் களி கிண்டி, அதன்மேல் உப்பைத் தூவி, பேசாமல் எல்லாருக்கும் போட்டாள்.

வெயில் ஏறியபோது இனொங்கே இரண்டாம் முறையாகப் பாயை விட்டு எழுந்தாள். இந்தத் தடவை யாரும் அவள் கையைப் பிடிக்கவில்லை. குழியின் விளிம்பில் போய் நின்றாள். முயுந்தா மார்புக்கு மேல் ஆழத்தில் இருந்தான். அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் அதற்கு மேல் யாரும் தோண்டுவதில்லை. சட்டை முதுகோடு ஒட்டி, அடிபட்ட இடங்களில் கருஞ்சிவப்பாக ஊறியிருந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தான். திறந்திருந்த ஒரு கண்ணால் அவளைத் தேடிக் கண்டுபிடித்தான்.

"போதுமா?" என்று கேட்டான்.

அவன் குழியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. சட்டைக்காலரில் கறை போகாமல் மறுபடி தேய்த்த அந்தச் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் மூக்கு அவனுக்கு.

"இன்னும் வெட்டு" என்றாள்.

அவன் குனிந்து தண்ணீரில் மண்வெட்டியை இறக்கினான்.